அதிபரின் தாளில் ஒரு மஞ்சள் புள்ளி

நடந்தவை இவை:

1. ஒக்டோபரில், விஜயதசமியன்று காலை, ஒரு குடும்பம் எங்கள் ஆவணக்காப்பகத்தில் ஒப்படைத்திருந்த நாற்பத்தொரு தாள்களைப் படமெடுக்கத் தொடங்கினேன்.

2. முதலாவதாக மேசையில் வைத்தது, உள்நாட்டுப் போரின்போது அமெரிக்காவை ஆண்ட அதிபர் கைப்பட இரண்டு வரி எழுதியதாகச் சொல்லப்படும் தாள்.

3. நவம்பரில் அதே தாளைப் புறஊதா ஒளியில் படமெடுத்தேன். கையெழுத்துக்குப் பக்கத்தில், பச்சை கலந்த மஞ்சளாக ஒரு புள்ளி ஒளிர்ந்தது.

4. வெளியிலிருந்து அழைக்கப்பட்ட நிபுணர் அந்தப் புள்ளியைப் பசை என்று எழுதினார். பசை என்றால் யாரோ பிற்காலத்தில் தாளில் வேலை செய்திருக்கிறார்கள். அது, தாளைக் கடைசியாக வைத்திருந்த பள்ளி ஆசிரியராக இருக்கலாம் என்றும் எழுதினார்.

5. அந்த ஆசிரியர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. தாள்களை எங்களிடம் கொண்டுவந்தவர் அவருடைய மகள்.

6. புள்ளி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்திருந்தது. நிபுணரின் குறிப்பு வந்தபிறகும் நான்கு நாள் வாய் திறக்கவில்லை.

மகளுக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். ஹனோவருக்கு வெளியே ஒரு கிராமத்தில் இருக்கிறார். ஓய்வுபெறும்வரை பேருந்து ஓட்டியவர். தாள்களை அவர் கொண்டுவந்தது கேக் எடுத்துச்செல்லும் பிளாஸ்டிக் பெட்டியில். "வீட்டில் இறுக்கமாக மூடக்கூடிய பெட்டி இது ஒன்றுதான்," என்றார். நான் ஒவ்வொரு தாளாக எண்ணிட்டுப் படிவத்தில் பதிந்துகொண்டிருக்க, எதிரே உட்கார்ந்து தன் தந்தையைப் பற்றிச் சொன்னார்.

"எங்கள் ஊர் பியர்க்கடைக்குள் அப்பா நுழைந்தால் எல்லோரும் எழுந்து நின்று சல்யூட் அடிப்பார்கள். 'அதிபர் வீட்டு மருமகன் வந்துவிட்டார், நாற்காலியைத் துடையுங்கள்' என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே உட்காருவார். வீட்டுக்கு வந்தபிறகு சிரிக்கமாட்டார்."

"ஏன் அப்படி?"

"அந்தத் தாளை யாரும் நம்பவில்லை. வாத்தியார்தானே, எழுத்து கைவந்தவர், தானே எழுதியிருப்பார் என்று ஊரே முடிவு செய்துவிட்டது." பெட்டியின் மூடியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். உண்மையென்றால் உண்மை என்று எழுதித் தாருங்கள். அந்தக் கடைச் சுவரிலேயே கொண்டுபோய் மாட்டுகிறேன்."

அவர் கேட்டது அவ்வளவுதான். தன் தந்தை பொய் சொல்லவில்லை என்று ஒரு காகிதம்.

தாளின் கதை இது. அவருடைய முன்னோர் ஒருவர், தச்சர், கப்பலேறி அமெரிக்கா போனார். போர் தொடங்கியதும் வடக்குப் படையில் சேர்ந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு அனுமதி இல்லாமல் முகாமைவிட்டு வீட்டுக்குப் போனவரைப் பிடித்து, சுட்டுக்கொல்லத் தீர்ப்பளித்தார்கள். மனைவி ஜேர்மன் மொழியில் ஒரு மனு எழுதினார். ஒரு பாதிரியார் அதற்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு மனைவியே அதிபர் மாளிகைக்குப் போய் வரிசையில் நின்றார். தாளின் பின்பக்கத்தில் இரண்டு வரி கிடைத்தது. தண்டனையை நிறுத்து, ஆளைப் படைக்குத் திருப்பி அனுப்பு. கீழே கையெழுத்து. தச்சர் பிழைத்தார், வயதானபின் ஊருக்குத் திரும்பினார், தாள்களும் அவரோடு வந்தன.

மற்ற நாற்பதும் கணவனும் மனைவியும் எழுதிக்கொண்ட கடிதங்கள். அவற்றில் ஒன்றை நான் மறக்கமாட்டேன். காவல் கொட்டகையில் இருந்தபடி தச்சர் எழுதியது. முற்றத்தில் பலகை அறுக்கிறார்கள், வாள் ஓடும் நேரத்தை வைத்தே பலகையின் நீளம் எனக்குத் தெரியும், நாளைக்குப் பெட்டி யாருக்கு என்று சொல்லமாட்டேன் என்கிறார்கள், நானும் கேட்கவில்லை என்று இருந்தது. அடுத்த வரியில் கூரை ஒழுகுகிறதா என்று விசாரித்திருந்தார்.

என் வேலை, இப்படிப்பட்ட தாள்களைப் படமெடுப்பது. நான் ஆறு வயதில் ஜேர்மனிக்கு வந்தேன். பள்ளி முடித்து, படத் தொழில்நுட்பத்தில் ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்து, பிறகு பொறியியல் கல்லூரியில் ஒளி அளவீடு படித்தேன். காப்பகத்தில் இரண்டு வருட ஒப்பந்தம். அது டிசம்பரில் முடியவிருந்தது. நிரந்தரமாக்குவது பற்றிப் பிரிவுத் தலைவி கோடைகாலத்திலேயே பேசத் தொடங்கியிருந்தார்.

கட்டிடத்தில் இரண்டு தமிழர்கள் இருந்தோம். மற்றவர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், படங்கள் சேமிக்கப்படும் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர். நான் அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். சரஸ்வதி பூசையன்று மதியம் என் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க மேடம், உங்க கேமராவுக்கு ஆயுத பூஜை கிடையாதா? எங்க பழைய ஆபீஸ்ல டேட்டா சென்டர் வாசல்லயே எலுமிச்சம்பழம் நசுக்குவோம்."

"இஞ்சை எலுமிச்சம்பழம் நசுக்கினால் எங்கள் ரெண்டு பேரையும்தான் நசுக்குவினம்."

"சும்மா ஒரு பொட்டு. சர்வருக்கு நான் வெச்சுட்டேன். இந்த வருஷம் ஒரு தடவைகூட கிராஷ் ஆகாது பாருங்க."

அம்மா காலையில் கோயிலுக்குப் போய்வந்து மஞ்சளும் குங்குமமும் ஒரு காகிதத்தில் மடித்துத் தந்திருந்தார். என் பையில் இருந்தது. நான் குங்குமத்தை வேண்டாம் என்றேன். சிவப்பு பளிச்சென்று தெரியும், தலைவி கேட்பார். மஞ்சள் மட்டும் போதும் என்று, தேநீர்க் கோப்பையின் தட்டில் தண்ணீர்விட்டுக் குழைத்தோம். தாளை அழுத்திப் பிடிக்கும் கண்ணாடிக்கு ஓர் உலோகச் சட்டம் உண்டு. அதன் நான்கு மூலைகளில் இரண்டில் நான் வைத்தேன், இரண்டில் அவர் வைத்தார். வைத்துவிட்டுக் கமராவைப் பார்த்துக் கும்பிட்டார். நான் சிரித்தேன்.

நல்ல நாள் என்று அடுத்த நாளே அந்தத் தாள்களைத் தொடங்கத் தீர்மானித்ததும் நான்தான். எங்கள் வீட்டில் விஜயதசமியன்றுதான் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குவார்கள். புது வேலை எதுவானாலும் அன்றைக்குத் தொடங்கினால் தடையில்லாமல் ஓடும் என்று கேட்டே வளர்ந்திருக்கிறேன். அட்டவணைப்படி அதிபரின் தாள் இருபத்தாறாவது. அதை முதலாவதாக எடுத்தேன். ஈரத்துணியால் சட்டத்தைத் துடைத்து, கைகழுவி, உலரவிட்டு, தாளை வைத்தேன். கையுறை போடமாட்டோம், விரலின் உணர்வு குறைந்தால் தாள் கிழியும். விதிப்படிதான் எல்லாம் செய்தேன். துடைத்த ஈரம் சட்டத்தின் அடியில் கண்ணாடி விளிம்புவரை மஞ்சளை இழுத்துக்கொண்டு போனதை நான் பார்க்கவில்லை. சாதாரண வெளிச்சத்தில் அது தெரியாது.

புறஊதா ஒளியில் தெரியும். இதை நான் வேறு விதமாக ஏற்கெனவே அறிந்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், மதியம் சோறும் மஞ்சள் போட்ட கறியும் சாப்பிட்டு, சவர்க்காரம் போட்டுக் கைகழுவி வந்தும், விளக்கைப் போட்டதும் என் விரல்நுனிகள் ஒளிர்ந்தன. அன்றிலிருந்து புறஊதா வேலை இருக்கும் நாட்களில் வெறும் பாண் ரொட்டி மட்டும்தான் சாப்பிடுவேன்.

ஆகவே நவம்பரில், இருட்டறையில், அதிபரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் அந்த நிறத்தைக் கண்டபோது எனக்கு எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. மை கறுப்பாகத் தெரிந்தது, தாள் மங்கலான நீலமாகத் தெரிந்தது, நடுவில் அது மட்டும் விழித்துக்கொண்டு கிடந்தது. விளக்கை அணைத்தேன். மறுபடி போட்டேன். அங்கேயே இருந்தது.

படத்தைக் கோப்பில் சேர்த்தேன். குறிப்புப் பகுதியை வெறுமையாக விட்டேன். நிபுணர் கேட்டால் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. படத்தைப் பார்த்து எழுதினார்.

மூன்று பக்கம். ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது. இரண்டாம் பக்கத்தில் பசை பற்றிய பத்தி. அதில் இன்னொரு காரணமும் இருந்தது. இப்படிப்பட்ட ஆணை அரசாங்கக் கோப்பில் இருக்கவேண்டியது, குடும்பத்தின் கையில் எப்படி இருக்கிறது என்று. ஆனால் எல்லோரும் பசையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பசையைப் படத்தில் பார்க்கலாம். குறிப்பின் பிரதி அன்றே மகளுக்கும், அவருடைய ஊரின் வரலாற்றுச் சங்கத்துக்கும் மின்னஞ்சலில் போய்விட்டது. அந்தத் தாளின் நகல் சங்கத்தின் சுவரில் மாட்டப்பட்டிருந்தது, அதனால் தெரிவிக்கவேண்டியிருந்தது.

திங்கட்கிழமை மாலை, எல்லோரும் போனபிறகு, சட்டத்தைக் கழற்றினேன். வெள்ளைச் சட்டையில் கறிக்கறை பட்டு, அதில் சவர்க்காரம் போட்டால் கறை சிவக்கும் என்பது எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். பஞ்சுக் குச்சியைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து, சட்டத்தின் அடிவிளிம்பில் ஓட்டினேன். குச்சி முதலில் வெள்ளையாக இருந்தது. பிறகு நுனியிலிருந்து மெதுவாக, இரத்தம் ஊறுவதுபோலச் சிவந்தது. அதை ஒரு சிறிய போத்தலில் போட்டு மூடினேன். திகதி எழுதினேன். பெயர் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை அண்ணாவிடம் சொன்னேன். படியில் நின்று பேசினோம்.

"ஐயோ," என்றார். பிறகு, "யாருக்குத் தெரியும் இது?"

"உங்களுக்கும் எனக்கும்தான்."

"அப்படியே இருக்கட்டுமே. எக்ஸ்பர்ட் ஒருத்தர் பசைன்னு சொல்லிட்டாரு. நாம ஏன் குறுக்க போகணும்?"

"அந்த அம்மாவின்ரை தகப்பனைக் கள்ளன் எண்டு எழுதிக்கிடக்கு, அண்ணா."

"அவரு செத்துட்டாருங்க." குரல் தணிந்தது. "என் ஒய்ஃப் வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. என் விசா இந்த வேலையில தொங்கிட்டு இருக்கு. உங்களுக்கு ஜெர்மன் பாஸ்போர்ட் இருக்கு. நீங்க விழுந்தா தரையில விழுவீங்க. நான் விழுந்தா ப்ளைட்ல போய் விழுவேன்."

அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னதில் தவறு எதையும் என்னால் கண்டுபிடிக்கமுடியவில்லை.

புதன்கிழமை அம்மாவுக்குப் போனில் சொன்னேன்.

"அது சாமிக்கு வைச்சது, பிள்ளை. பிழையெண்டு ஆர் சொன்னது?"

"பிழையெண்டுதான் அம்மா. வேலை செய்யிற இடத்திலை வைச்சிருக்கக்கூடாது."

"அப்ப வாயைத் திறவாதை. டிசம்பர் முடியட்டும். நிரந்தரமாக்கினாப் பிறகு சொல்லு."

"அப்ப சொல்ல ஏலாது."

"ஏன் ஏலாது?"

"அப்ப இன்னும் கூடப் பிழையாயிருக்கும்."

"உனக்கு எல்லாத்துக்கும் ஒரு கணக்கு," என்று அம்மா போனை வைத்துவிட்டார்.

அன்று பின்னேரம் ஒரு பட்டியல் எழுதினேன். சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன என்று இரண்டு நிரல்கள். சொல்லாவிட்டால் என்ற நிரலில் என் பெயரும் அண்ணாவின் பெயரும் நன்றாகவே இருந்தன. கெட்டுப்போயிருந்தது ஒரு பெயர்தான், அவரும் உயிரோடு இல்லை. பார்க்கப் பார்க்க அந்த நிரல் சரியானதுபோலவே தோன்றத் தொடங்கியது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தாளைக் கிழித்துப்போட்டேன்.

வியாழக்கிழமை காலை மகள் வந்தார். டெர்மின், அதாவது முன்கூட்டியே கேட்டு எடுத்த நேரம், எதுவும் இல்லை. வரவேற்பிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள், படமெடுத்தவரைப் பார்க்கவேண்டும் என்கிறார் என்று. மழை மேலங்கியைக் கழற்றாமலே என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தப் புள்ளியை எனக்குக் காட்டுங்கள்."

திரையில் காட்டினேன். பெரிதாக்கச் சொன்னார். பெரிதாக்கினேன். நீண்ட நேரம் பார்த்தார். ஊர்ப் பியர்க்கடையில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். "சங்கத்துக்காரர் நகலைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டார். எடுத்த இடத்தில் வெள்ளையாகச் சதுரம் தெரிகிறது. அதற்குக் கீழே யாரோ ஒரு பசைக்குப்பியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்."

நான் படத்தை மறுபடி சிறிதாக்கினேன்.

"நான் மூன்று நாளாக யோசிக்கிறேன்," என்றார். "அப்பாவின் மேசையில் பசை எப்போதும் இருந்தது. பிள்ளைகளுக்குப் படங்கள் வெட்டி ஒட்டுவார். ஒருநாள் நான் கதவைத் திறந்தபோது ஏதோ ஒரு தாளைப் புத்தகத்துக்கு அடியில் தள்ளினார். எனக்கு எட்டு வயதிருக்கும். மறந்தே போயிருந்தேன். நேற்றுத்தான் ஞாபகம் வந்தது." திரையைத் தொடப்போவதுபோல விரலை நீட்டி, தொடாமல் நிறுத்தினார். "இப்போது அந்தத் தாளின் நிறம்கூட ஞாபகம் வருகிறது."

நான் வெறுமையாக விட்ட குறிப்பு அந்த மனுஷியின் தலைக்குள் போய், அவருடைய எட்டாவது வயதுவரை பின்னோக்கி நடந்து, அங்கே தகப்பனைப் பிடித்துக் குற்றவாளியாக்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வாரம் விட்டால் தந்தை பசை தடவுவதையே அவர் கண்ணால் கண்டிருப்பார்.

"அது பசையில்லை," என்றேன். "மஞ்சள். சமையலுக்குப் போடும் மஞ்சள். நான் வைத்தது."

அவருக்குப் புரியவில்லை. சட்டத்தைக் காட்டினேன், போத்தலில் இருந்த குச்சியைக் காட்டினேன். எங்கள் ஆட்கள் வருடத்தில் ஒருநாள் வேலைக்கருவிகளுக்குப் பொட்டு வைப்பார்கள் என்பதையும், மறுநாள் முதலாவதாக எடுத்தது இந்தத் தாளைத்தான் என்பதையும் வரிசையாகச் சொன்னேன். என் குரல் சரியாகவே இருந்தது. அவர் கடைசிவரை கேட்டார்.

"எப்போதிலிருந்து தெரியும்?"

"படமெடுத்த நாளிலிருந்து. நிபுணர் பசையென்று எழுதியது திங்கட்கிழமையிலிருந்து."

"திங்கட்கிழமையிலிருந்து," என்று திருப்பிச் சொன்னார். "நான்கு நாள். நான்கு நாளாக நான் என் அப்பாவை..." எழுந்து, மேலங்கியின் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டு போய்விட்டார். நன்றி என்று எதையும் நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வையை எதிர்பார்த்திருக்கவில்லை.

பத்து நிமிடத்தில் தலைவியின் அறையில் இருந்தேன். அவர் கத்துகிறவரில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அன்று காலை எத்தனை தாள்கள் எடுத்தீர்கள்?"

"பதினாறு."

அவர் ஏன் கேட்டார் என்று எனக்குப் புரிந்தது. அந்தப் பதினாறையும் இருட்டறைக்குக் கொண்டுபோனோம். எடுத்த வரிசைப்படி ஒவ்வொன்றாக விளக்கின் கீழ் வைத்தேன். இரண்டாவதில் இருந்தது. மூன்றாவதில் இருந்தது. நான்காவது, பலகை அறுக்கும் கடிதம். கூரையைப் பற்றிய வரிக்குப் பக்கத்தில் அது ஒளிர்ந்தது. ஒவ்வொரு தாளுக்கும் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பன்னிரண்டாவதில் எதுவும் இல்லை. அந்த அளவுகளை நான் அட்டவணையாக்கினேன். பழைய பசை இப்படி வரிசையாகக் குறையாது. என் தவறு பதினொரு தாள்களில் பரவியிருப்பதைக் காட்டும் அதே அட்டவணைதான், ஆசிரியர் அதில் கைவைக்கவில்லை என்பதற்கும் ஆதாரம்.

"நான்கு மூலையிலும் நீங்கள்தான் வைத்தீர்களா?" என்று தலைவி கேட்டார்.

"ஆம்."

அது பொய். நான் அங்கே சொன்ன ஒரே பொய். அண்ணா பிறகு வேறு நிறுவனத்தில் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "ஊர் பேர் இல்லாம எழுதுங்க," என்றார்.

நிபுணர் பசை பற்றிய பத்தியையும் ஆசிரியரைப் பற்றிய வரியையும் நீக்கிவிட்டார். அரசாங்கக் கோப்பு பற்றிய சந்தேகத்தை நீக்கவில்லை. மனுவோடு வந்தவர்களின் கையிலேயே அதிபர் சிலவேளை தாளைத் திருப்பிக் கொடுத்ததுண்டு என்று தலைவி பதில் எழுதினார். அதற்கு, கொடுத்ததற்கு இங்கே என்ன ஆதாரம் என்று கேள்வி வந்தது. ஆதாரம் இல்லை. திருத்திய குறிப்பை மகளுக்கும் சங்கத்துக்கும் அனுப்பினோம். சங்கத்திலிருந்து பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி வந்தது.

மஞ்சளை அகற்ற முடியாது. கழுவினால் மை போகும். வெளிச்சத்தில் வைத்தால் மஞ்சள் வெளிறும், மையும் சேர்ந்து வெளிறும். ஆகவே அது இருக்கிறது.

என் ஒப்பந்தம் நீடிக்கப்படவில்லை. டிசம்பர் கடைசியில் சாவியைக் கொடுத்தேன். இப்போது ஒரு தொழிற்சாலையில் உலோகத் தகடுகளின் விரிசல்களைப் படமெடுக்கிறேன். மகளுக்கு ஜனவரியில் ஒரு கடிதம் எழுதினேன், மன்னிப்புக் கேட்டு. பதில் இல்லை. அதிபரின் தாள் காப்பகத்தின் குளிர் அறையில் தனி உறையில் இருக்கிறது. அட்டவணையில் அதன் நேரே, எழுதியவர் உறுதிசெய்யப்படவில்லை என்று இருக்கிறது. மகள் கேட்ட காகிதம் இன்னும் யாராலும் எழுதப்படவில்லை.